லீவை பூன், எல்லைப்புற மருத்துவர், சிகாகோ மேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ நகரத்தின் தொடக்க காலத்தைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும், 1855இல் அந்நகரின் மேயராக இருந்த மருத்துவர் லீவை டே பூன் குறித்து ஒரே வகையான ஐயங்கள் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தன. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டுவிட்டேன்.

முதலில் இந்த லீவை பூன் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கெண்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகருக்கு அருகே 1808 டிசம்பரில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டி மருத்துவப் பட்டம் பெற்று, இல்லினாய் மாநிலத்தின் சிற்றூர்களில் தொழில் செய்து, 1830களின் நடுவில் சிகாகோவில் குடியேறினார். காலரா ஆண்டுகளில் நகர மருத்துவராக இருந்தார், நகரமன்ற உறுப்பினரானார், 1855 மார்ச்சில் மேயரானார். ஓராண்டுதான் பதவியில் இருந்தார். அந்த ஓராண்டின் ஒரே ஒரு பிற்பகல்தான், மதுக்கடைச் சட்டத்தை எதிர்த்து லாகர் பீர் கலவரம் வெடித்த பிற்பகல்தான், இன்று அவர் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருகிறது. 1882 ஜனவரியில் இறந்தார்.

டேனியல் பூனின் பேரனாமே, உண்மையா?

நேரடிப் பேரன் அல்லர். அப்பலாச்சிய மலைகளைக் கடந்து கெண்டக்கிக்கு வழி திறந்தவர் என்று புகழப்படும் டேனியல் பூனின் உடன்பிறந்தவர் வழியில் வந்த பேரன். நம் முறைப்படி ‘சின்னத் தாத்தா’ அல்லது ‘பெரிய தாத்தா’ என்று டேனியலை அழைக்கக்கூடிய உறவு. லீவை சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். ஆகவே குடும்பப் பெயர் கொடுத்த மதிப்பைத் தவிரப் பெரிய சொத்து எதுவும் அவருக்குப் பின்னால் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த மதிப்பு அரசியலில் பயன்பட்டது என்பது வேறு. மண்ணின் மைந்தர் என்று முழங்கிய ஒரு கட்சிக்கு ‘பூன்’ என்ற பெயரைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

டிரான்சில்வேனியாவில் படித்தார் என்று பார்த்தேன். அது டிராகுலா ஊர் அல்லவா?

இல்லை. லத்தீனில் அச்சொல்லுக்குக் ‘காட்டுக்கு அப்பால்’ என்று பொருள். மலைக்காடுகளுக்கு மேற்கே கிடந்த கெண்டக்கிப் பகுதிக்கும் ஒரு காலத்தில் அப்பெயர் வைக்கப்பட்டது. லெக்சிங்டனில் உள்ள டிரான்சில்வேனியா பல்கலைக்கழகம் அதன் எச்சம். மலைகளுக்கு மேற்கே அன்று இருந்த மருத்துவக் கல்லூரிகளில் அது பெயர் பெற்றது. சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுப்பதில் கைதேர்ந்த பெஞ்சமின் டட்லி அங்கே அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தார். பூன் 1829இல் அங்கே பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்து டாக்டர் படிப்பு இப்போதைய எம்.பி.பி.எஸ். மாதிரி இருந்ததா?

பெயரைத் தவிர ஒப்பிடுவதற்கு அதிகம் இல்லை. மாணவர் முதலில் ஊரிலுள்ள ஒரு மருத்துவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து மருந்து அரைக்கவும் கட்டுப் போடவும் கற்பார். பிறகு கல்லூரியில் இரண்டு குளிர்காலங்களுக்கு விரிவுரை கேட்பார். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் ஆண்டு கேட்பதும் பெரும்பாலும் முதலாண்டு கேட்ட அதே விரிவுரைதான்.

மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வது 1846இல்தான் பாஸ்டன் நகரில் உலகறியச் செய்து காட்டப்பட்டது. கிருமிக் கோட்பாடு அதற்கும் பின்னால் வந்தது. ஆகவே 1829இல் பட்டம் வாங்கிய இளைஞர் ஒருவரின் பையில் இருந்தவை ரத்தம் வடிக்கும் கத்தி, கேலோமெல் என்னும் பாதரசப் பொடி, அபினி, எலும்பு அறுக்கும் ரம்பம் போன்றவைதாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். காலரா பற்றிய பதிலில் மீண்டும் வரும்.

சிகாகோ பெரிய நகரம். அங்கே இருந்தவரை எல்லைப்புற மருத்துவர் என்பது பொருந்துமா?

அவர் போய்ச் சேர்ந்த சிகாகோவுக்குப் பொருந்தும். 1833இல் அது சில நூறு பேர் வாழ்ந்த சேற்று ஊர். அதே ஆண்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி பொட்டாவடோமி மக்கள் தம் நிலத்தை விட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போக வேண்டியிருந்தது. 1835 ஆகஸ்டில், புறப்படுமுன், அவர்களின் வீரர்கள் ஏறத்தாழ 800 பேர் உடம்பில் வண்ணம் பூசி, மரப் பாலத்தைத் தாண்டி, ஊரின் தெருக்கள் வழியே கடைசியாகப் போர் நடனம் ஆடிச் சென்றனர். குடியேறிய வெள்ளையர் மாடிச் சன்னல்களில் நின்று நடுங்கியபடி பார்த்தனர். பூன் வந்து சேர்ந்தது இந்தக் காலத்துச் சிகாகோவுக்கு.

அதற்கு முன்பு அவர் எட்வர்ட்ஸ்வில், ஹில்ஸ்பரோ என்னும் இல்லினாய் ஊர்களில் இருந்தார். 1832இல் சாக் இனத் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிராக நடந்த போரில் படைத் தலைவராகவும் பின்னர்ப் படை மருத்துவராகவும் பணியாற்றினார். அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தியோபிலஸ் ஸ்மித்தின் மகள் லூயிசாவை மணந்தார். சிகாகோ நகரமாக அறிவிக்கப்பட்டது 1837இல். மக்கள்தொகை அப்போது நாலாயிரத்துச் சொச்சம். 1850இல் அது முப்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. மருத்துவர் இடம் மாறவில்லை. எல்லைதான் அவரைக் கடந்து மேற்கே போனது.

காலரா பரவியபோது இவர் என்ன செய்தார்? யாரையாவது குணப்படுத்தினாரா?

1848இல் இல்லினாய்–மிச்சிகன் கால்வாய் திறக்கப்பட்டதும் தெற்கிலிருந்து படகுகள் நேராகச் சிகாகோவுக்கு வரத் தொடங்கின. மறு ஆண்டு வசந்தத்தில் அந்த நீர்வழியிலேயே காலராவும் வந்தது. 1849இல் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது தொடங்கி 1851 வரை நகர மருத்துவராகப் பொறுப்பு வகித்தவர் பூன். 1850இல் அமைந்த சிகாகோ மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

குணப்படுத்தினாரா என்றால், காலராவை அன்று யாராலும் குணப்படுத்த முடியவில்லை என்பதே நேர்மையான பதில். வாந்தியும் பேதியும் கண்டு உடலின் நீரெல்லாம் வற்றிக் கிடப்பவருக்கு வேண்டியது உப்பு கலந்த நீர். அவருக்குக் கிடைத்தவையோ மேலே சொன்ன பையில் இருந்த கேலோமெல்லும் அபினியும். கேலோமெல் பேதியை இன்னும் கூட்டக்கூடியது. தண்ணீரின் வழியே நோய் பரவுகிறது என்பதை ஜான் ஸ்னோ லண்டன் பிராட் தெருக் குழாயடியில் காட்டியது 1854இல். ராபர்ட் கோக் எகிப்திலும் கொல்கத்தாவிலும் ஆய்ந்து கிருமியை உறுதிப்படுத்தியது 1883, 84இல். பூன் அதற்குள் இறந்துவிட்டார். எனினும் வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடும் நேரத்தில் நோயாளிகளுக்குப் பொறுப்பேற்று ஊரில் நிற்பது சிறிய செயல் அன்று. அவர் பெயர் நகரமெங்கும் அறிமுகமானது இந்த ஆண்டுகளில்தான்.

நன்றாகத் தொழில் நடந்துகொண்டிருந்த டாக்டருக்கு அரசியல் எதற்கு?

அன்றைய மேயர் பதவி இன்றைய முழுநேர வேலை போன்றதன்று. பதவிக்காலம் ஓராண்டு. வணிகர், வழக்கறிஞர், மருத்துவர் என ஊரில் பெயருள்ள ஒருவர் தம் தொழிலுக்கு நடுவே ஏற்கும் பொறுப்பு அது. பூன் ஏற்கெனவே நகரமன்றத்தில் இருந்தவர், முதல் பாப்டிஸ்ட் சபையின் முக்கிய உறுப்பினர், மதுவிலக்குப் பற்றாளர். 1855இல் இந்த மூன்று வட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேட்பாளரைத் தேடின. பதவியிலிருந்த ஐசக் மில்லிகனை அவர் தோற்கடித்தார். வாக்கில் ஏறத்தாழ 53 விழுக்காடு பெற்றார். வெற்றி தெளிவானது, ஆனால் நகரம் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்திருந்ததையும் அது காட்டுகிறது.

‘ஒன்றும் தெரியாது’ கட்சி என்று ஒன்று நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. முறையான பெயர் அமெரிக்கக் கட்சி. 1855இல் பூன் நின்றது அதன் சார்பில்தான். அது இரகசியக் கழகமாகத் தொடங்கியபோது, வெளியார் விசாரித்தால் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று உறுப்பினர்களுக்குக் கட்டளை. அதுவே கேலிப்பெயராகி நிலைத்தது. அவர்களுக்கு எல்லாமே நன்றாகத் தெரிந்திருந்தது என்பதே என் கருத்து. கத்தோலிக்கரும் புதிய குடியேறிகளும் ஆட்சிப் பொறுப்புக்கு வரக்கூடாது, குடியுரிமை பெறக் காத்திருக்கும் காலத்தை 5 ஆண்டிலிருந்து 21 ஆண்டாக்க வேண்டும் என்பன அக்கட்சியின் கோரிக்கைகள்.

சிகாகோவில் அந்நேரம் வசித்தவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்களும், 1848 புரட்சி தோற்ற பிறகு வந்தவர்கள் உள்ளிட்ட ஜெர்மானியர்களும் அவர்களில் பெரும்பகுதி. அப்படிப்பட்ட ஊரில் அக்கட்சி ஜெயித்தது விந்தையாகத் தோன்றலாம். வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்பதையும், உரிமை இருந்தவர்களிலும் பலர் அந்தத் தேர்தலில் வாக்களிக்க வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விந்தை குறையும்.

மதுக்கடைக்கு உரிமக் கட்டணத்தை ஏற்றியதில் என்ன தவறு? குடி குறைந்தால் நல்லதுதானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நம் ஊர் மதுவிலக்கு வாதங்களை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். பூன் பதவியேற்றதும் ஆண்டு உரிமக் கட்டணம் 50 டாலரிலிருந்து 300 டாலருக்கு உயர்ந்தது. உரிமமும் மூன்று மாதத்துக்குத்தான் வழங்கப்பட்டது. மாநில அளவில் முழு மதுவிலக்கு அந்தக் கோடையில் பொதுவாக்கெடுப்பில் நிறைவேறிவிடும் என்றும், அதற்கு முன்பே தாழ்ந்த தரக் கடைகளை ஒழித்துவிட்டால் எஞ்சிய கடைகளை மூடுவது எளிது என்றும் அவர் கணக்கிட்டார். கூடவே, ஏட்டில் இருந்து நடைமுறையில் இல்லாத ஞாயிறு மூடல் சட்டத்தையும் தூசு தட்டி எடுத்தார்.

முந்நூறு டாலர் யாரைத் தாக்கும் என்று பாருங்கள். நகர மையத்தில் விஸ்கி விற்ற பெரிய விடுதிக்காரர் கட்டிவிடுவார். வீட்டின் முன்னறையில் பீர் ஊற்றிக்கொடுத்துப் பிழைத்த ஜெர்மானியக் குடும்பத்தால் கட்ட முடியாது. ஞாயிறும் அப்படித்தான். ஜெர்மானியர்களுக்கு அது வழிபாடு முடிந்ததும் மனைவி மக்களோடு பீர்த் தோட்டத்தில் அமர்ந்து இசை கேட்கும் நாள். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவருக்கு வேறு நாளும் கிடையாது. அமெரிக்கர் நடத்தும் கடைகளில் முன்கதவு மட்டுமே சாத்தப்படுகிறது, பக்கக் கதவு திறந்தே இருக்கிறது என்று அவர்கள் குமுறினர். குடியை ஒழிக்கும் நோக்கம் பூனிடம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் எடை ஒரு பக்கத்து மக்கள் தோளில்தான் விழுந்தது.

லாகர் பீர் கலவரத்தன்று நடந்தது என்ன?

1855 ஏப்ரல் 21, சனிக்கிழமை. சட்டத்தை மீறியதாகக் கைதான கடைக்காரர்களின் வழக்கு அன்று காலை நகர மையத்தில் இருந்த நீதிமன்றத்தில் வர இருந்தது. வடக்குக் கரையில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் குழலும் முரசும் முழங்க ஊர்வலமாக வந்து நீதிமன்றத்தை நிறைத்தனர், தெருவும் அடைபட்டது. மேயரின் ஆணைப்படி காவலர்கள் தடியோடு புகுந்து கூட்டத்தைக் கலைத்துச் சிலரைப் பிடித்தனர்.

பிற்பகலில் இரண்டாம் ஊர்வலம், இம்முறை ஆயுதங்களோடு, கிளார்க் தெரு வழியே தெற்கு நோக்கி வந்தது. வடக்குப் பகுதிக்கும் நகர மையத்துக்கும் நடுவே சிகாகோ ஆறு ஓடுகிறது. கிளார்க் தெருப் பாலம் கப்பல்களுக்கு வழிவிட நடுத்தூணின் மேல் சுழலும் வகை. கூட்டத்தின் ஒரு பகுதி கடந்ததும் பாலம் திருப்பப்பட்டது. மிச்சப் பேர் நீருக்கு அப்பால் கத்திக்கொண்டு நின்றனர். அந்த இடைவெளியில் மேயர் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தற்காலிகக் காவலர்களாகச் சேர்த்து, கைவசமிருந்த அனைவரையும் திரட்டினார். அணி ஆயத்தமானதும் பாலம் பழைய இடத்துக்குத் திரும்பியது. கூட்டம் பாய்ந்து வந்தது, இருபுறமும் சுட்டனர். ஜார்ஜ் ஹன்ட் என்ற காவலரின் கையில் குண்டு பாய்ந்து, பின்னர் அந்தக் கையையே எடுக்க வேண்டியதாயிற்று. அவரைச் சுட்டதாகக் கருதப்பட்ட பீட்டர் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியர் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்றத்தைச் சுற்றிப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 60 பேர் கைதாயினர்.

ஒருவர்தான் இறந்தாரா? பலரை மறைத்துவிட்டார்கள் என்கிறார்களே?

பதிவில் உள்ள இறப்பு ஒன்றுதான். வடக்குக் கரையில் அடுத்த சில நாட்களில் வழக்கத்துக்கு மாறாக அடக்கங்கள் நடந்தன என்ற பேச்சு அப்போதே கிளம்பி, பிற்காலத்து நகர வரலாறுகளிலும் ஏறிவிட்டது. பேச்சைப் பேச்சாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஜெர்மானியர் கலவரம் என்கிறீர்கள், தண்டனை மட்டும் ஐரிஷ்காரர்களுக்கா?

ஆம், இது கதையல்ல. கைதானவர்களில் 14 பேர் விசாரிக்கப்பட்டு, இருவர் மட்டும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இருவரும் ஐரிஷ் பெயருடையவர்கள். அவர்களுக்கு மறுவிசாரணை அனுமதிக்கப்பட்டது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. ஆக, பீருக்காக நடந்த கலவரத்தில் கடைசியில் சிறைக்குப் போனவர் எவருமில்லை.

சிகாகோ போலீசை உருவாக்கியவர் பூன்தான் என்று சொல்லலாமா?

ஒரு பொருளில் சொல்லலாம். அவருக்கு முன்பு பகல் காவலர் ஒரு பிரிவு, இரவுக் காவலர் வேறு பிரிவு. இரண்டும் சிறியவை, ஒன்றோடொன்று தொடர்பற்றவை. பூன் ஆட்சியில் அவை இணைந்து, மூன்று முறைப் பணியும் முதன்முதலாகச் சீருடையும் கொண்ட ஒரே துறையாயின. இந்தக் கட்டமைப்புதான் பின்னாளைய காவல்துறைக்கு அடித்தளம்.

ஆனால் அமெரிக்காவில் பிறந்தவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். நிர்வாகச் சீர்திருத்தத்தை ஒரு தட்டிலும் இனப் பாகுபாட்டை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே தட்டு ஒன்றுதான். குடியேறிகள் மேல் சட்டத்தைச் செலுத்தும் நோக்கமே அந்தப் படையை அவ்வளவு விரைவில் கட்டவைத்தது.

நகரத்தையே ஜாக்கி வைத்துத் தூக்கினார்களே, அதுவும் இவர் காலமா?

தொடக்கம் அவர் காலம், தூக்கியது பிறகு. ஏரி மட்டத்திலிருந்து சில அடிகளே உயர்ந்த சதுப்பு நிலத்தில் புதைசாக்கடைக்குச் சரிவு கிடைக்காது. காலரா தந்த அச்சத்தால் 1855இல் மாநில சட்டமன்றம் சாக்கடை வாரியம் ஒன்றை ஏற்படுத்தியது. வாரியம் பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளரை அழைத்தது. குழாய்களைத் தரைக்கு மேலேயே பதித்து, மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்திவிடலாம் என்பது அவர் திட்டம்.

1858 ஜனவரியில் முதன்முதலாக ஒரு நான்கு மாடிச் செங்கல் கட்டடத்தை, 750 டன் எடை, 200 திருகு ஜாக்கிகள் வைத்து, சுவரில் கீறல் விழாமல் ஆறடிக்கு மேல் உயர்த்தினர். இதற்கான புகழ் செஸ்பரோவுக்கும் அந்தத் தொழிலாளர்களுக்கும் உரியது. பூனைப் பாராட்டும் பட்டியலில் இதைச் சேர்ப்பவர்கள் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்கிறார்கள்.

ஒரே வருடத்தில் ஏன் இறங்கினார்? தோற்றாரா?

தோற்கவில்லை, மீண்டும் நிற்கவில்லை. 1855 ஜூனில் நடந்த மதுவிலக்குப் பொதுவாக்கெடுப்பு மாநில அளவில் தோற்றது. அவருடைய கணக்கின் அடிப்படையே சரிந்தது. 1856 மார்ச்சில் ஜெர்மானியரும் ஐரிஷ் மக்களும் திரளாக வந்து வாக்களித்து தாமஸ் டயரை மேயராக்கினர். கட்டணம் பழையபடி 50 டாலரானது.

அடிமை முறையை ஆதரித்தாராமே? சிறைக்கும் போனாரா?

1840களில் முதல் பாப்டிஸ்ட் சபையில் அடிமை முறை பற்றிய சச்சரவு எழுந்தபோது, விவிலியம் அதை விலக்கவில்லை என்று பேசியவர் பூன். அதைப் பொறுக்காதவர்கள் பிரிந்து சென்று தனிச் சபை அமைத்தனர். உள்நாட்டுப் போரில் சிகாகோவின் கேம்ப் டக்ளஸில் தென்மாநிலப் போர்க் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். 1862இல் அவர்களில் ஒருவர் தப்ப உதவியதாகச் சந்தேகித்து முன்னாள் மேயரையே அந்த முகாமில் சில காலம் அடைத்து வைத்தனர், பிறகு விடுவித்தனர். அவர் பிறந்த கெண்டக்கி அடிமை முறை நிலவிய மாநிலம் என்பதை நினைவில் கொண்டால் அனுதாபம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும், நியாயம் ஆகிவிடாது.

டாக்டர் மேயரானது இவர் ஒருவர்தானா?

இல்லை, மேற்கில் அது வழக்கமாகவே இருந்தது. செயின்ட் லூயியின் முதல் மேயர் வில்லியம் கார் லேன், 1823இல் தேர்வானவர், படை மருத்துவராக இருந்தவர். பின்னர் நியூ மெக்சிகோ ஆட்சிப் பகுதியின் ஆளுநரானார். லாஸ் ஏஞ்சலிஸின் முதல் மேயர் ஆல்பியஸ் ஹாட்ஜஸும் மருத்துவரே. படித்தவர் அரிதான ஊரில், எல்லா வீட்டுக்குள்ளும் போய்வரும் மனிதர் மருத்துவர்தான்.

காலராவில் குடியேறிகளுக்கு மருத்துவம் பார்த்தவர் பிறகு அவர்களையே எதிர்த்தது எப்படி? எனக்குப் பொருந்தவே இல்லை.

அன்றைய மருத்துவத்தைத் தெரிந்துகொண்டால் பொருந்தும். கிருமி என்ற கருத்து இல்லாத காலத்தில் மருத்துவர்கள் காலராவுக்குக் கெட்ட காற்றையும் அழுக்கையும் காரணம் காட்டினர். உடலை அந்நோய்க்கு இளக்கிக் கொடுப்பது குடியும் ஒழுங்கற்ற வாழ்வும் என்று நம்பினர். நோய் அதிகம் கொன்றது எங்கே? கிணறும் கழிப்பிடமும் அருகருகே இருந்த குடியேறிகளின் நெரிசலான வீடுகளில். மருத்துவர் அங்கே போகும்போது கண்ணில் படுவது குப்பையும் சாராயப் புட்டியும்; கண்ணுக்குத் தெரியாதது கிணற்றுத் தண்ணீரில் இருந்தது.

நகர மருத்துவராகப் பூன் ஏறி இறங்கிய வீடுகளே மேயர் பூனை உருவாக்கின என்பது என் ஊகம். 1854இல் காலரா மீண்டும் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அந்த அடக்கங்கள் முடிந்து ஓராண்டு ஆகுமுன், அடுத்த மார்ச்சில், அவர் தேர்தலில் நின்றார்.